சோனகரும் செந்தமிழும்

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே வல்லம் வடகால் என்னும் ஊர் உளது. வல்லம் என்பது தமிழகத்தில் ஊர்கள் பலவற்றிற்கு வழங்கும் பழம்பெயர். கால் என்பது நீரோடும் காலைக் குறிக்கும் சொல்லாகக் கொள்ளலாம். ஏரிகள் நிறைந்த தொண்டை நாட்டில் ஊர்ப் பெயரினுள்ளும் வாய்க்கால் புகுந்திருத்தல் வியப்பிற்குரியதன்று. நெல் விளைந்த அந்நிலப் பரப்பில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா எழுந்துள்ளது. ஆலைகளில் வேலை நாடிப் பீகார், ஒடிசா, வங்காளம், அசாம் முதலிய நாட்டுப் பகுதிகளினின்றும் இளைஞர் பலர் வந்து இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் தங்கியுள்ளனர். அவருள் இசுலாமியரும் உளர்.

அத்தகைய இளைஞன் ஒருவன் இரமலான் திங்களில் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல் ஒன்றில் நோன்பு திறக்கப் புகுகின்றான் என்று கொள்வோம். அவன் கையில் பேரீச்சம்பழத்தோடு ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சியும் தரப்படும். அரிசியும் பருப்பும் வெந்தயமும் சேர்த்துக் காய்ச்சிய அக்கஞ்சி அவன் ஊரில் கண்டதன்று. பாங்கொலி ஒன்றே, தொழும் திசையும் ஒன்றே, ஓதும் மறையும் ஒன்றே. ஆயினும் அவன் மசூதி என்பதை இங்குள்ளோர் பள்ளிவாசல் என்பர்; நமாசு என்பதைத் தொழுகை என்பர்; ரோசா என்பதை நோன்பு என்பர்; ஈது என்பதைப் பெருநாள் என்பர். சமயம் ஒன்றாக இருக்கச் சொற்கள் வேறானது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காணப் புகின் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு நம் முன் விரியும்.

முதற்கண் சொற்களையே நோக்குவோம். பள்ளி என்பது சமணரும் பௌத்தரும் உறைந்த இடத்திற்குத் தமிழர் வழங்கிய பெயர். அவர்தம் பள்ளிகளில் கல்வி பயிற்றப்பட்டமையால் அது கல்விச்சாலைக்கும் பெயராயிற்று. பின்னர் அரபு நாட்டு வணிகர் கடற்கரைப் பட்டினங்களில் தமக்கென ஒரு தொழுமிடம் அமைத்தபோது, உருவம் வைத்து வழிபடாத அவ்விடத்தைக் கோயில் என்று கூறத் தமிழர் நா எழவில்லை போலும். முன்னரே தம்மிடம் இருந்த பள்ளி என்னும் சொல்லை எடுத்து அதற்குச் சூட்டினர். தொழு என்பதும் நோன்பு என்பதும் வள்ளுவர் காலத்திற்கும் முற்பட்ட சொற்கள். தேவாரம் ஓதுவாரைப் போன்றே திருக்குர்ஆனையும் ஓதுவர் தமிழ் முசுலிம்கள். படிப்பர் என்று சொல்லுதல் அரிது. நபிகளை நாயகம் என்றும் பெருமானார் என்றும் போற்றுவர்.

இங்கு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நமாசு, ரோசா என்பன அரபுச் சொற்களல்ல, பாரசீகச் சொற்கள். அரபியில் அவை முறையே சலாத்து எனவும் சௌமு எனவும் வழங்கும். வட இந்தியாவிற்கு இசுலாம் பெரும்பாலும் தரைவழியாக, பாரசீக மொழி பேசிய அவைகளின் வாயிலாகப் பரவியது. ஆதலின் அச்சொற்கள் அங்கே நிலைத்தன. தமிழகத்திற்கோ அது கடல்வழியாக, அரபு வணிகரோடு நேரே வந்தது. இடையில் மற்றொரு மொழி நின்று சொல் கொடுக்கவில்லை. எனவே கடற்கரைத் தமிழர் புதிய சமயத்திற்குரிய சொற்களைத் தம் வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தனர். ஒரு சமயம் எவ்வழியாக வந்தது என்பதை அச்சமயத்தார் அன்றாடம் பேசும் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன.

அரபு நாட்டாருக்கும் தமிழருக்கும் இருந்த வாணிகத் தொடர்பு இசுலாம் தோன்றுவதற்கு முன்பே தொடங்கியது. பருவக்காற்றின் போக்கையறிந்த மாலுமிகள் ஒரு காற்றில் வந்து, மறு காற்றுக்காகத் திங்கள் பல இங்குத் தங்கினர். தங்கியவர் சிலர் இங்கேயே மணம் செய்துகொண்டனர். யவனர் என்ற சொல்லொடு தொடர்புடைய சோனகர் என்ற பெயர் இவர்க்கு வழங்கலாயிற்று. இலங்கையில் இன்றும் தமிழ் பேசும் முசுலிம்கள் சோனகர் என்றே குறிக்கப்படுகின்றனர். மரக்கலம் உடையோர் மரக்காயர் ஆயினர். குதிரை வாணிகமும் குதிரைப் படையும் சார்ந்தோர் இராவுத்தர் ஆயினர். இராவுத்தர் என்ற சொல் தமிழகத்தில் எத்துணை மதிப்புப் பெற்றிருந்தது என்பதற்குச் சான்று வேண்டுமா? மயிலேறும் முருகனையே அருணகிரிநாதர் இராவுத்தன் என்று விளித்துள்ளார். அவ்வாறு விளித்தபோது அவர் எச்சமயத்தையும் எண்ணியிருக்க மாட்டார். ஊரறிந்த வீரனுக்குரிய பெயரை ஆண்டவனுக்குச் சூட்டினார், அவ்வளவே.

பாண்டியர் ஆட்சியில் இவ்வணிகர்க்கு அரசவையிலும் இடம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் சோனகர் எழுப்பிய பள்ளிக்கு நிலம் விடப்பட்டதைப் பாண்டியர் கல்வெட்டொன்று கூறுகின்றது. அக்கல்வெட்டு எங்கே உளது? திருப்புல்லாணித் திருமால் கோயிலில்! பள்ளிவாசலுக்கு நிலம் விட்ட செய்தியைப் பெருமாள் கோயிற் சுவரில் வெட்டிவைக்க அக்காலத்தார்க்குத் தடை தோன்றவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைக்கு வந்த மார்க்கோ போலோ அங்கு நடந்த பெரு வாணிகத்தை எழுதிவைத்தார். ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் பாண்டிநாட்டுத் துறைகளுக்கு இறக்குமதியாக ஏற்பாடு இருந்ததென்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு கூறுகின்றார். எண்ணில் மிகை இருக்கலாம். ஆனால் குதிரை இல்லாமல் பாண்டியன் படை இல்லை, சோனகர் இல்லாமல் குதிரை இல்லை என்பது உறுதி. தகியுத்தீன் என்னும் முசுலிம் பாண்டியனுக்கு அமைச்சராக விளங்கினார் என்றும் வசாபு குறிக்கின்றார். இவ்வுறவில் இருபுறத்தார்க்கும் ஊதியம் இருந்தது. வேந்தனுக்குக் குதிரையும் சுங்கமும் கிடைத்தன. வணிகனுக்குத் துறைமுகமும் காவலும் கிடைத்தன. அன்பினால் மட்டுமே இவையெல்லாம் நிகழ்ந்தன என்று எழுதுவது வரலாறாகாது.

இதன்பின் வாளின் காலம் வந்தது. 1311ஆம் ஆண்டில் டெல்லிச் சுல்தானின் படைத்தலைவன் மாலிக்காபூர் தென்னாட்டின்மேல் படையெடுத்தான். கோயில்கள் கொள்ளையுண்டன. 1323இல் மீண்டும் ஒரு படையெடுப்பு நிகழ்ந்தது. பின்னர் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி ஏற்பட்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடந்தது. இவற்றை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆனால் இவற்றை மட்டுமே பேசுதலும் நேர்மையன்று. மாலிக்காபூரின் படையெடுப்பைப் புகழ்ந்தெழுதிய டெல்லிப் புலவர் அமீர் குசுரோவே பாண்டியர் படையில் முசுலிம்கள் இருந்த செய்தியைச் சொல்கின்றார். அவர்தம் பழக்கவழக்கங்கள் தென்னாட்டாருடையனவாகவே இருந்தமை அவர்க்குப் பிடிக்கவில்லை; கலிமா சொல்லத் தெரிந்தமையால் அவர்கள் உயிர் தப்பினர் என்று எழுதுகின்றார். மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் செய்த கொடுமைகளையும் நமக்கு எழுதிவைத்தவர் ஒரு முசுலிமே. அவர் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பத்தூத்தா. சுல்தானுக்கு உறவினராக இருந்தும், பெண்டிரையும் குழந்தைகளையும் கொல்லும் அச்செயலைக் கண்டு அவர் மனம் கசந்தார்.

மதுரைச் சுல்தான்கள் தமிழில் விட்டுச் சென்றது என்ன என்று தேடினால் சில நாணயங்களும் கல்லறைகளுமே அகப்படும். அரசு வீழ்ந்ததும் அவர்தம் மொழியும் மரபும் மறைந்தன. கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி, நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய ஊர்களில் வணிகராய் வாழ்ந்தோர் வழியே வந்த இசுலாமோ ஆழ வேரூன்றியது. அரியணையினின்று வந்தது ஆண்டுகளால் அளக்கப்படுகின்றது. துறைமுகத்தினின்று வந்தது தலைமுறைகளால் அளக்கப்படுகின்றது என்பது என் கருத்து.

படையெடுப்பின் புண்ணை ஆற்றத் தமிழ் மக்கள் கண்ட வழியொன்று நம் திருப்பெரும்புதூரோடு தொடர்புடையது. அவ்வூரில் தோன்றிய இராமானுசர் மேல்கோட்டைத் திருமேனியாகிய செல்வப்பிள்ளையை மீட்க டெல்லிக்குச் சென்றார் என்றும், அத்திருமேனியின்பால் காதல் கொண்ட சுல்தானின் மகள் அதனைப் பிரிய மாட்டாது பின்தொடர்ந்து வந்தாள் என்றும் வைணவ மரபு கூறும். திருவரங்கத்திலும் இதனையொத்த கதை வழங்குகின்றது. அங்குத் துலுக்க நாச்சியார்க்கு ஒரு சந்நிதி உண்டு. அதில் சிலை இல்லை, ஓவியமே உளது. அரங்கனுக்குக் கைலி உடுத்தி ரொட்டி படைக்கும் வழக்கமும் அங்குண்டு. காலக்கணக்குப் பார்ப்போர்க்கு இக்கதை பொருந்தாது. இராமானுசர் 1137இல் பரமபதித்தார் என்பது மரபு. டெல்லியில் சுல்தான் ஆட்சி தொடங்கியதோ 1206இல். ஆயினும் தம் கோயிலைக் கொள்ளையிட்ட அரசனின் மகளைத் தாயாராக்கி வழிபட்ட மக்களின் உள்ளத்தை இக்கதை நமக்குக் காட்டுகின்றது. சிலை வைக்காது ஓவியம் வைத்த நுட்பமும் எண்ணத்தக்கது.

இனி இலக்கியத்திற்கு வருவோம். தமிழில் நமக்குக் கிடைத்துள்ள பழைய இசுலாமியச் செய்யுள்கள் பல்சந்தமாலை என்னும் நூலைச் சார்ந்தவை. நூல் முழுதும் மறைந்தது. களவியற் காரிகை உரையில் மேற்கோளாகக் காட்டப்பட்ட எட்டுப் பாடல்களே எஞ்சின. முழுமையாகக் கிடைத்த முதல் நூல் வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலா. அது 1572இல் மதுரையில் அரங்கேறியது. மசலா என்பது வினாவிடை வடிவான நூல்வகை. மசலா, கிசா, நாமா, முனாசாத்து, படைப்போர் என இசுலாமியப் புலவர் தமிழுக்குப் புதியனவாகக் கொணர்ந்த வகைகள் பல. அவர்கள் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டனவோ அவற்றினும் மிகுதி: அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், மாலை, கோவை, புராணம் எல்லாவற்றையும் கையாண்டனர்.

இவையனைத்திற்கும் முடிமணியாய் விளங்குவது உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம். சீறா என்பது வாழ்க்கை வரலாற்றைக் குறிக்கும் சீரத் என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறு, எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றார். ஆசிரியர் இந்து, மாணாக்கர் முசுலிம். நபிகள் வரலாற்றைக் காப்பியமாகப் பாட அவரைத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று இன்றும் ஊர்தோறும் வழங்கும் பழமொழிக்கு உரியவர் இவரே. சேதுநாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் காலத்தவர். படிக்காசுப் புலவர் முதலிய இந்துப் புலவரையும் புரந்தவர். நூல் முற்றுப்பெறுமுன் சீதக்காதி மறைந்தார். பின்னர்ப் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரக்காயர் உதவினார். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், இசுரத்துக் காண்டம் என்னும் மூன்று காண்டங்களில் 5027 விருத்தங்களை உடையது இந்நூல். பிறப்பு, நபித்துவம், மக்காவினின்று மதீனாவிற்குப் பெயர்தல் என்பன முறையே அவற்றின் பொருள். நபிகளின் வாழ்வு முழுவதும் இதில் இல்லை. எஞ்சியதைப் பனீ அகமது மரக்காயர் 1732இல் சின்னச் சீறா எனப் பாடினார்.

காப்பியம் பாடப் புகுவோர் நாட்டு வளம் பாட வேண்டும் என்பது தமிழ் மரபு. உமறு பாட வேண்டிய நாடோ அரபு நாடு. அங்கே மணலும் வெயிலுமே மிகுதி. புலவர் என் செய்தார்? முகில் கடல்நீர் பருகி மலைமேற் பொழிவதும், வெள்ளம் குறிஞ்சியினின்று இறங்கி முல்லையும் மருதமும் கடந்து ஏரிகளை நிரப்புவதும், உழவர் ஏர் பூட்டுவதும், நாற்று நடுவதும், நெல் விளைவதும் பாடினார். தாமிரபரணி பாயும் நாட்டில் பிறந்த புலவர் கண்ணில் கண்டது அதுவே. புவிநூல் அறிந்த மாணவர் இதனைப் பிழை என்று நகைக்கலாம். கம்பர் பாடிய கோசல நாட்டிலும் காவிரி நாட்டின் வளமே தோன்றுகின்றது என்பதை நினைவிற் கொள்க. தமிழ்க் கேள்வருக்கு வளமான நாடு என்றால் நெல் விளைய வேண்டும். தம் நாயகர் பிறந்த நாட்டை வளமற்றதாகக் காட்ட உமறுவின் அன்பு இடந்தரவில்லை.

மானுக்குப் பிணை நின்ற படலம் அந்நூலுள் பலரும் அறிந்தது. வேடன் ஒருவன் பெண்மானைக் கட்டி வைத்திருக்கின்றான். அம்மான் நபிகளை நோக்கித் தன் கன்று பாலின்றி வாடுவதைச் சொல்லி, பாலூட்டி வர விடை வேண்டுகின்றது. கையில் அகப்பட்ட மான் காட்டுக்குச் சென்றபின் திரும்புமா என்று வேடன் நகைக்கின்றான். நபிகள் தாமே பிணையாக நிற்கின்றார். மான் சென்று பாலூட்டிக் கன்றினையும் உடன்கொண்டு மீள்கின்றது. சொல் தவறாமை, பிணை நிற்றல், விலங்கினிடத்தும் அருள் என்னும் இவை எச்சமயத்தார்க்கும் உரியன. அக்காட்சியை நிகழ்த்தும் வேடனும் காடும் நம் குறிஞ்சி நிலத்துக்குரியவை போன்றே தோன்றும். கற்போர் நெஞ்சில் அப்படலம் நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலக்கண ஆசிரியனாகிய எனக்கு உமறுவின் நூலில் பெரிதும் இன்பந் தருவது வேறொன்று. வடசொற்கள் தமிழில் புகும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்று தொல்காப்பியர் விதி செய்தார். அவ்விதி அரபுச் சொற்களுக்காகச் செய்யப்பட்டதன்று. தொல்காப்பியர் காலத்தில் இசுலாமே இல்லை. ஆயினும் இசுலாமியப் புலவர் அவ்விதியைத் தமக்கும் உரியதாகக் கொண்டனர். ரகரமும் லகரமும் மொழிக்கு முதலில் வாரா. ஆதலின் ரசூல் என்பது இறசூல் ஆயிற்று. இபுராகீம், ஈசா, மூசா, உமறு என்று பெயர்களெல்லாம் தமிழ் ஓசை பெற்றன. தம் சமயத்தின் உயர்ந்த பெயர்களையே தமிழ் இலக்கணத்திற்குக் கீழ்ப்படுத்திய இப்புலவரை விடத் தமிழ்ப் பற்றுடையார் யாவர்? வேற்றுச் சொற்களை மெய்யெழுத்து முதலாகவே எழுதித் தள்ளும் இக்காலத்தார் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

எனினும் வளைந்து கொடுத்தவற்றிற்கும் எல்லை இருந்தது. பிள்ளைத்தமிழில் காப்புப் பருவம் திருமாலையும் பிற தெய்வங்களையும் வேண்டுவதாய் அமைவது மரபு. முசுலிம் புலவர் நபிகள்மீதும் முகியித்தீன் ஆண்டகைமீதும் பிள்ளைத்தமிழ் பாடினர். ஆனால் காப்பில் அல்லாவையும் நபிமாரையும் அடியாரையுமே வேண்டினர். காப்பியத்தின் வடிவம் தமிழுக்குரியது; கடவுள் வாழ்த்தின் பொருள் இசுலாத்துக்குரியது. கடவுள் ஒருவரே, அவர்க்கு உருவமில்லை என்னும் கொள்கையில் ஒரு சொல்லும் நெகிழவில்லை.

இந்த எல்லையைக் கல்லிலும் காணலாம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிவாசல்களுக்குச் செல்வோர் முதற் பார்வையில் கோயில் மண்டபத்துட் புகுந்தோமோ என மயங்குவர். கற்றூண் வரிசையும், சதுரமும் எண்பட்டையுமாக மாறிவரும் தூணுடலும், போதிகையும், தட்டைக் கற்கூரையும் நம் சிற்பிகளின் கைவண்ணமே. அணுகி நோக்கினால் வேறுபாடு புலனாகும். பூவும் கொடியும் உண்டு; யாளி இல்லை, யானை இல்லை, மனித உருவம் ஒன்றும் இல்லை. கோயில் கட்டிய அதே உளி இங்கே எதைச் செதுக்கலாகாது என்பதையும் கற்றுக்கொண்டது. உலகின் பிற பகுதிகளிலும் இதுவே நிகழ்ந்தது. சாவகத் தீவில் 16ஆம் நூற்றாண்டில் எழுந்த குதூசுப் பள்ளியின் கோபுரம் செங்கல்லால் ஆன இந்துக் கோயில் போன்றது. சீனத்துச் சியான் நகரப் பெரும்பள்ளி சீனர் மண்டபம் போன்றது. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுச் சென்னே ஊரின் பள்ளி களிமண்ணால் ஆனது. ஆண்டுதோறும் ஊரார் கூடி அதற்குப் புதுமண் பூசுவர்.

நாகூரைப் பற்றிச் சில கூற வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாகுல் அமீது ஆண்டகையின் அடக்கத்தலம் அங்கு உளது. அங்குள்ள மினார்களுள் 131 அடி உயரமுடைய பெரிய மினாரை எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். கடலோடிகள் அவரைத் தம் காவலராகக் கருதினர். தமிழ் முசுலிம் வணிகர் சென்ற பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர் பெயரால் நினைவிடங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தன. கந்தூரி விழாவின்போது கொடியேற்றமும் சந்தனம் பூசுதலும் நடைபெறும். இந்துக்களும் திரளாக வந்து நேர்த்திக்கடன் செலுத்துவர். பழநி ஆண்டவர் என்பதுபோல் நாகூர் ஆண்டவர் என்பர்.

இப்பெயரே முசுலிம்களுள் ஒரு சாரார்க்கு உடன்பாடன்று. ஆண்டவன் ஒருவனே என்று கூறும் மார்க்கத்தில் அடியாரை ஆண்டவர் என அழைத்தல் தகுமா, கல்லறையில் வேண்டுதல் தகுமா என்று அவர் வினவுகின்றனர். அடியாரை மதித்தல் வேறு, வணங்குதல் வேறு என்று மற்றொரு சாரார் விடையிறுக்கின்றனர். இவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை; வெளியாராகிய நாம் தீர்ப்புக் கூறுதற்குரிய வழக்குமன்று. ஆயினும் மாணவர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு சமயம் ஒரு நாட்டில் வேரூன்றுவது ஓசையின்றி நிகழ்வதன்று. எவ்வளவு ஏற்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்னும் வாதம் அச்சமயத்தாருக்குள்ளேயே தலைமுறைதோறும் நடந்துகொண்டிருக்கும். சைவமும் வைணவமும் இத்தகைய வாதங்களைக் கண்டவையே.

இல்லறத்திலும் தமிழ் வழக்கம் கலந்தது. நிக்காகும் மகரும் இசுலாமிய முறைப்படி அமையும். ஆனால் மணமகள் கழுத்தில் கருகமணி கட்டும் வழக்கம் தமிழ் முசுலிம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்தல் மரபு. கடல் கடந்து செல்லும் ஆடவர் திங்கள் பல திரும்பாத ஊர்களில், பெண் தன் தாயின் வீட்டிலேயே இருத்தல் அவளுக்குக் காவலாயிற்று என எண்ண இடமுண்டு.

தொண்டை நாட்டில் கதை சற்று வேறு. இங்குக் கடல்வழி இசுலாத்தோடு தரைவழி இசுலாமும் வந்து கூடிற்று. ஆர்க்காட்டு நவாபுகளின் அரசவையில் பாரசீகமும் தக்கணி உருதும் வழங்கின. நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயர் நமக்கு அண்மையிலுள்ள வாலாஜாபாத்தில் நிலைத்துள்ளது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த பெரிய பள்ளிவாசலும் அவர் பெயரையே உடையது. அந்த ஆட்சி நம் நாவில் விட்டுச்சென்ற சொற்கள் பல. தாலுகா, ஜில்லா, வசூல், பாக்கி, ஜப்தி, அசல், நகல், சிபாரிசு என்பன எவர் வீட்டிலும் வழங்குகின்றன. இப்பகுதியில் உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஆகிய இருவகை முசுலிம்களையும் காணலாம். வடசென்னையில் துறவு பூண்டிருந்த குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) தமிழ் பேசும் வகையினர். இராமநாதபுரச் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்தவர். சித்தர் பாடல்களையும் தாயுமானவரையும் நினைவூட்டும் இனிய தமிழில், இறைவனை மனோன்மணி என்னும் காதலியாக்கிப் பாடினார். அவர்மீது திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடினார். தொண்டியார் வாழ்ந்தமையால் தொண்டியார்பேட்டை எனப் பெயர் வந்தது என்பர்.

முசுலிம் என்றால் உருது பேசுபவர் என்று எண்ணுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். 1930களின் இறுதியில் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது, கலிபுல்லா சாகிபு சட்டமன்றத்தில் எழுந்து, தாம் இராவுத்தர் என்றும், தம் தாய்மொழி உருது அன்று, தமிழே என்றும் கூறினார். நான்கு நூற்றாண்டாக ஏட்டில் இருந்த உண்மை அன்று அரசியல் மேடையில் ஒலித்தது.

தமிழாசிரியர்களாகிய நாங்களும் இவ்வுண்மையை நெடுநாள் புறக்கணித்தோம் என்றே சொல்ல வேண்டும். பழைய இலக்கிய வரலாறுகள் பலவற்றில் இசுலாமியப் புலவர்க்கு ஓரிரு வரிகளே கிடைத்தன. சீறாப்புராணத்தை முதன்முதலில் 1842இல் அச்சேற்றியவர் காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிறு நயினார் இலெப்பை ஆலிம் என்னும் புலவர். அதற்கு உரை வகுத்த கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரோ (1874–1950) தம் சமய நூலோடு நின்றாரல்லர். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சைவர்களே பிரிந்து பூசலிட்ட காலத்தில், அவை அருட்பாவே என வாதிட்டவர் அவர். இலங்கையைச் சேர்ந்த ம. மு. உவைசு இசுலாமியத் தமிழ் இலக்கியத்தைப் பல்கலைக்கழக ஆய்வுப் பொருளாக்கினார். 1973இல் திருச்சிராப்பள்ளியில் இசுலாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடிற்று. சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாய் இருந்த மு. மு. இசுமாயில் சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராய் இருந்து இராமகாதை நயத்தை எடுத்துரைத்தார்.

இன்னும் கைபடாத ஒரு புதையல் உண்டு. அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறையை முசுலிம்கள் வகுத்துக்கொண்டனர். ட, ண, ள, ழ முதலிய தமிழ் ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. உள்ள எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துகள் ஆக்கினர். இதுவே அரபுத்தமிழ். மறை ஓதுவதற்காக அரபெழுத்தைக் கற்ற சிறுமியர், தமிழெழுத்து அறியாவிடினும் அவ்வெழுத்தாலேயே தமிழ் நூலைப் படிக்க முடிந்தது. பெண்கல்வி அருகியிருந்த காலத்தில் இது சிறிய உதவியன்று. கீழக்கரை மாப்பிள்ளை இலெப்பை ஆலிம் (1816–1898) இவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் பல எழுதினார். தாலாட்டும் மருத்துவமும் கடிதமும் வாணிகக் கணக்கும் இதில் எழுதப்பட்டன. தமிழெழுத்துக் கல்வி எங்கும் பரவியபின் அரபுத்தமிழைக் கற்போர் குறைந்தனர். கீழக்கரையிலும் காயலிலும் இலங்கையிலும் வீட்டுப் பெட்டிகளுள் அவ்வேடுகள் கிடக்கின்றன. கடற்காற்றின் ஈரமும் செல்லும் அவற்றை அரிக்கின்றன. அவற்றைத் தமிழெழுத்திற் பெயர்த்தெழுத இரண்டு எழுத்தும் அறிந்தவர் வேண்டும். அத்தகையோருள் பெரும்பாலோர் இன்று முதியவராகவே உள்ளனர்.